பெயர்ப் பலகை இல்லாத பட்டறையும் பழைய ஸ்ப்ளெண்டரின் முன் பல்சக்கரமும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகும் சாலையில், ஆற்றூரைத் தாண்டித் திருவட்டாறு வருவதற்கு முன்பாக, ரப்பர் ஷீட் எடுக்கும் கடை ஒன்றை ஒட்டினாற்போல இருக்கும் இருசக்கர வாகனப் பட்டறையைப் பற்றிய மதிப்புரை இது. பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. நடத்துபவரை அந்தப் பக்கத்தில் எல்லாரும் ஆசான் என்றே கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். முதல் தலைமுறை ஸ்ப்ளெண்டர், அதற்கும் மூத்த சி.டி.100 போன்ற ஹீரோ ஹோண்டா வண்டிகளை விற்க மனமில்லாமல் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், செயினையும் முன், பின் பல்சக்கரங்களையும் சேர்த்து மாற்றும் ‘செயின் செட்’ வேலைக்கு இவரிடம் தாராளமாகப் போகலாம் என்பது என் கருத்து. காலையில் வண்டியை விட்டு மதியத்துக்குள் கைக்கு வரவேண்டும் என்பவர்களுக்கும், எல்லாவற்றுக்கும் பில் வேண்டும் என்பவர்களுக்கும் இந்த இடம் ஒத்துவராது.

வண்டி என் அப்பா ஓட்டிய ஸ்ப்ளெண்டர். 1994இல் அந்த மாடல் சந்தைக்கு வந்து சில ஆண்டுகளுக்குள் வாங்கியது, 97.2 சி.சி. என்ஜின், இன்றைக்கும் ஒரு உதையில் எழுந்துவிடும். கொஞ்ச காலமாகவே கிளட்சை விடும்போது கீழே இடதுபக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முறுக்கினால் செயின் பல்லைத் தாண்டி நழுவுவது காலுக்கே தெரிந்தது. போதாததற்கு, நிறுத்தி வைத்த இடத்தில் இடது கால்மிதிக்கு நேர் கீழே தரையில் எண்ணெய்த் துளிகள். இந்தப் பழைய வண்டிகளில் செயினை முழுவதுமாக மூடும் தகரக் கவர் உண்டு. இடவப்பாதியிலும் ஐப்பசியிலுமாக ஆண்டுக்கு இரண்டு மழைக்காலத்தைப் பார்க்கும் நம் மாவட்டத்தில் செம்மண் சேறு செயினில் ஏறாமல் அந்தக் கவர் காப்பாற்றுகிறது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே செயின் என்ன பாடுபடுகிறது என்பதையும் அதுவே மூடி மறைத்துவிடுகிறது.

ஆசான் வண்டியை வாங்கியதும் ஓட்டிப் பார்க்கவில்லை. சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டார். பின்சக்கர ஹப்பிலுள்ள கப்ளிங் ரப்பர் தேய்ந்தாலும் இதே ‘டக்’ வரும் என்பதால், முதலில் அதைச் சந்தேகித்து, இல்லை என்று உறுதிசெய்த பிறகே கியர் லீவரைக் கழற்றி முன் பல்சக்கரத்தின் கவரைத் திறந்தார். வந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வேறொரு வண்டிக்கு ஓடாமல் ஒரே மூச்சில் நோய் எங்கே என்று பார்க்கும் இந்தப் பழக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

கவரைத் திறந்ததும் தெரிந்தது வேறு கதை. பல்சக்கரத்தின் பற்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுறாப்பல் போல வளைந்திருந்தன, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, பல்சக்கரத்தைக் கழலாமல் பிடிக்கும் லாக் பிளேட்டில் இருக்கவேண்டிய இரண்டு போல்ட்டுகளும் இல்லாமல், பிளேட்டையும் பல்சக்கரம் உட்காரும் ஷாஃப்ட்டின் முனையையும் சேர்த்து இரண்டு இடத்தில் வெல்டிங் பொட்டு வைக்கப்பட்டிருந்தது. முன்பு ஒருமுறை வேறொரு பட்டறையில் செயின் செட் மாற்றியபோது யாரோ செய்த வேலை. போல்ட் ஏறும் மரை போய்விட்டிருக்கும். புதுப் பல்சக்கரம் வாங்கச் சொல்வதற்குப் பதிலாக வெல்டிங் வைத்துக் கவரை மூடிவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இது ஏன் மோசம் என்று புரிய, அந்த லாக் பிளேட் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்த என்ஜின்களில் முன் பல்சக்கரத்தைப் பிடிக்கப் பெரிய நட்டு கிடையாது. ஷாஃப்ட்டின் மேல் நீளவாக்கில் வரிவரியாக ஸ்பிளைன் வெட்டியிருக்கும், அதன் முனைக்குச் சற்று உள்ளே குறுக்காகச் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கும். பல்சக்கரம் ஸ்பிளைன் மேல் நேராக நுழைந்து உட்காரும். அதன்பின், அதே அளவுக்கு உள்பற்கள் வெட்டிய ஒரு தட்டை நுழைத்துப் பள்ளத்துக்கு நேராகக் கொண்டுவந்து, அரைப் பல் அளவுக்குத் திருப்பினால், தட்டின் பற்கள் ஷாஃப்ட்டின் வரிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். இனி அதை நேராக வெளியே இழுக்க முடியாது. திருப்பிய நிலையில் தட்டிலுள்ள துளைகளும் பல்சக்கரத்திலுள்ள மரைத் துளைகளும் ஒன்றுக்கொன்று நேராக வரும். அங்கே இரண்டு 6 மி.மீ. போல்ட்டைப் போட்டு முறுக்கினால் தட்டு மறுபடி திரும்ப வழியில்லை, தட்டு திரும்பாதவரை பல்சக்கரம் கழன்று வரவும் வழியில்லை. ஆக, என்ஜினின் இழுவை முழுவதையும் தாங்குவது ஸ்பிளைன். போல்ட்டுகளின் வேலை தட்டைத் திரும்பவிடாமல் காவல் காப்பது மட்டுமே. அந்தச் சின்ன காவலில் அசட்டை செய்தால் ஓடும்போதே பல்சக்கரம் வெளியேறி, செயின் அவிழ்ந்து, ஒன்று பின்சக்கரம் இறுகி ஆளைக் கீழே தள்ளும், இல்லாவிட்டால் செயின் சுருண்டு என்ஜின் கேஸை உடைக்கும்.

இன்னொரு செய்தியும் இதில் அடங்கியிருக்கிறது. தட்டின் கனம் பள்ளத்தின் அகலத்தைவிட ஒரு மயிரிழை குறைவாகவே இருக்கும். ஆகவே எல்லாம் சரியாகப் பூட்டிய பிறகும் பல்சக்கரம் ஷாஃப்ட்டின் மேல் உள்ளும் புறமுமாகக் கொஞ்சம் ஆடும். பின் பல்சக்கரத்துக்கு நேராகத் தானே நகர்ந்து நிற்க அந்த ஆட்டம் வேண்டும். இதைத் தெரியாதவர்கள்தான் ‘ஸ்ப்ராக்கெட் ஆடுகிறது’ என்று பதறிப்போய் வெல்டிங்கைக் கையில் எடுக்கிறார்கள். புதுப் பல்சக்கரத்தைப் பூட்டிய பிறகு நானே விரலால் அசைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, “இது கொஞ்சம் ஆடத்தான் செய்யும் அண்ணே, பேடிக்காண்டாம்” (பயப்பட வேண்டாம்) என்றார் ஆசான். எவ்வளவு ஆடலாம், எவ்வளவுக்கு மேல் போனால் தட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள் என்பதையும், பழைய தட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கனத்தைக் காட்டி விளக்கினார்.

வெல்டிங் வைத்ததன் கேடு அங்கேயே நிற்கவில்லை. சூடு ஷாஃப்ட் வழியாக உள்ளே போய், பல்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீலின் ரப்பர் உதட்டைக் கல்லாக்கியிருந்தது. கீழே சொட்டிய எண்ணெய்க்குக் காரணம் இதுதான். வெல்டிங் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்தால் அதன் குண்டுகளும் ஓடுபாதையும் குழிவிழ வாய்ப்பு உண்டு என்பதால், ஆசான் பழைய செயினைக் கழற்றியதும் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிச் சுற்றிக் கரகரப்பு இருக்கிறதா என்று பார்த்தார். நல்லவேளை, இல்லை.

வெல்டிங் பொட்டை எடுத்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தப் பட்டறையின் தரத்தை நான் எடைபோட்டது அங்கேதான். பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரையும் என்ஜினின் இடதுபக்கத்தையும் நனைத்த சாக்கால் போர்த்தினார். சின்ன கிரைண்டரை வைத்துப் பொட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, நடுநடுவே நிறுத்தி ஈரத்துணியால் சூட்டைத் தணித்து, ஷாஃப்ட்டின் உலோகம் தெரியத் தொடங்கியதும் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டார். மிச்சத்தை அரத்தால் ராவி எடுத்தார். பிறகு ஒரு சிறிய உளியைத் தட்டின் ஓரத்தில் பக்கவாட்டில் வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டி, அரைப் பல் திருப்பி, தட்டை வெளியே எடுத்தார். நெம்புகோலைப் போட்டு என்ஜின் கேஸில் முட்டுக்கொடுத்து இழுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அலுமினியம் கேஸ் விண்டிருக்கவும் கூடும்.

பல்சக்கரம் வெளியே வந்ததும் ஸ்பிளைன் வரிகளுக்கிடையில் செங்கல் பொடி போன்ற சிவந்த தூள் எண்ணெயோடு குழைந்து அப்பியிருந்தது. சேறு என்று நினைத்தேன். இரும்பும் இரும்பும் சின்னச் சின்னதாக உரசி உதிர்ந்து துருவேறிய தூள் அது என்றும், அது இருந்தால் பல்சக்கரம் ஸ்பிளைன் மேல் குலுங்கியிருக்கிறது என்று பொருள் என்றும் ஆசான் சொன்னார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த பிறகு, வரிகளின் ஒரு பக்கச் சரிவில் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு படி தட்டுப்படுவதை என்னையே தொட்டுப் பார்க்கச் செய்தார். பல்சக்கரம் போனால் மாற்றிவிடலாம். ஷாஃப்ட்டின் ஸ்பிளைன் போனால் என்ஜினைக் கீழே இறக்கி, கேஸை இரண்டாகப் பிளந்து, கியர் ஷாஃப்ட்டையே மாற்றவேண்டும். எங்கள் ஷாஃப்ட் இன்னும் ஒரு செயின் செட்டுக்குத் தாங்கும், அதற்கடுத்த முறை என்ஜினைத் திறக்கவேண்டி வரலாம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அந்த வேலையை அப்போதே தலையில் கட்டியிருந்தால் அவருக்குப் பல ஆயிரம் ரூபாய் கூலி வந்திருக்கும் என்பதை நான் மறக்கவில்லை.

உதிரிபாகங்களை இவர் கடையில் வைத்திருப்பதில்லை. கிழிந்த அட்டைத் துண்டில் எழுதிக்கொடுத்துவிடுகிறார், நாம்தான் மார்த்தாண்டத்துக்குப் போய் வாங்கிவர வேண்டும். எனக்கு எழுதித் தந்தது முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றும் சேர்ந்த கிட், தனியாக லாக் பிளேட், அதற்குரிய இரண்டு போல்ட், ஒரு ஆயில் சீல். முன் பல்சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டதற்கு, கழற்றிய செயினைத் தரையில் இழுத்து நீட்டி, இரும்பு ஸ்கேலை வைத்து அளந்து காட்டினார். 428 அளவுச் செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 12.7 மி.மீ.; புதுச் செயினில் 20 கண்ணி 254 மி.மீ. இருக்கும், 259ஐத் தாண்டினால் தூக்கிப்போட வேண்டியதுதான். எங்களுடையது தாண்டியிருந்தது. நீண்டுபோன செயினைப் புதுப் பல்லில் மாட்டினால், கண்ணி பல்லின் அடியில் உட்காராமல் மேலேறி, புதுப் பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்துக்கொள்ளும். நான் கோயம்புத்தூர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் ரோலான் கிட் வாங்கினேன். கிட்டோடு லாக் பிளேட் வராத பெட்டிகளும் உண்டு. கடையிலேயே பிரித்துப் பார்த்து, இல்லையென்றால் தனியாகக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. பழைய தட்டையே மறுபடி போடும் பட்டறைகள்தான் அதிகம்.

முன்னால் 14 பல்லுக்குப் பதில் 15 போட்டால் நெடுஞ்சாலையில் என்ஜின் அலறாமல் ஓடுமே என்ற ஆசையும் எனக்கு இருந்தது. எங்கள் வண்டியில் பின்னால் 42 பல். 14க்கு 42 என்றால் விகிதம் 3, 15க்கு 42 என்றால் 2.8. நாகர்கோவிலுக்கும் களியக்காவிளைக்கும் மட்டும் போய்வருகிற வண்டியானால் அது சரியாக இருக்கலாம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு ஏறுகிற வண்டிக்கு வேண்டாம் என்றார். கேட்டதைப் பூட்டிக்கொடுத்துக் காசு வாங்குகிறவர்களுக்கு நடுவில் இது ஆறுதலாக இருந்தது.

பூட்டுகிற வேலை அமைதியாக நடந்தது. புது ஆயில் சீலை உதட்டில் எண்ணெய் தடவி, அதே அளவுள்ள ஒரு குழாய்த் துண்டை வைத்து, கோணாமல் தட்டி உட்காரவைத்தார். ஸ்பிளைன் மேல் விரல் நுனியால் கிரீஸ் பூசினார். அந்தச் சிவந்த தூள் மறுபடி வருவதை அது தள்ளிப்போடும். பல்சக்கரத்தின் மரைத் துளைகளையும் போல்ட்டுகளையும் மட்டும் பெட்ரோலில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் காயவிட்டு, போல்ட் தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு துளி வைத்து, “மக்கா, பத்தாம் நம்பர் டி எடு” என்று பையனிடம் வாங்கி, இரண்டையும் மாறிமாறி முறுக்கினார். இந்தப் போல்ட்டுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அதற்கு மேல் போனால் மரைதான் போகும், வெல்டிங் கதை மறுபடி தொடங்கும். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் அவரிடம் இல்லை, கைக்கணக்குத்தான். சின்ன டி ஸ்பேனரை விரல்களால் பிடித்து முறுக்கினாரே தவிர, குழாயை மாட்டி ஏறி மிதிக்கவில்லை. கடைசியில் ஒரு நெயில் பாலிஷ் புட்டியை எடுத்து, ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தட்டின் மேல் வரை ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார். கோடு ஒடிந்திருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது என்று கவரைத் திறந்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். செலவு ஒன்றுமில்லாத இந்த வேலையை வேறெந்தப் பட்டறையிலும் நான் பார்த்ததில்லை.

செயின் லாக்கின் மூடிய பக்கம் ஓடும் திசையைப் பார்க்க இருக்கிறதா, பின்சக்கரத்தின் இருபக்கக் குறியும் ஒன்றுபோல நிற்கிறதா என்பதையெல்லாம் சொல்லாமலே செய்தார். செயின் தொய்வை மட்டும், சக்கரத்தைச் சுற்றி மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஓர் அங்குலம் ஏறியிறங்கும்படி வைத்து, என்னை வண்டியில் உட்காரச் சொல்லி மறுபடியும் பார்த்தார். இறுக்கமாக வைத்தால் புதுச் சீலும் பேரிங்கும்தான் முதலில் அடிவாங்கும்.

குறைகளும் உண்டு. வண்டி அங்கே மூன்று நாள் கிடந்தது. அதில் பாதி நேரம் ஒரு பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் ஆசானைப் பிடித்துவைத்துக்கொண்டது. அந்த வண்டியில் முன் பல்சக்கரம் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் கிளட்சைக் கழற்றாமல் அதைத் தொடவே முடியாது என்பது புரிகிறது, இருந்தாலும் எப்போது முடியும் என்று ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். நாம் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. செயின் கவரின் திருகாணி ஒன்று தொலைந்துபோய், அந்த இடத்தில் தலை வேறான ஒன்றைப் போட்டுவிட்டார்கள். வேலை நடந்த சுத்தத்துக்கு அது கண்ணை உறுத்துகிறது. கழுவிய பெட்ரோலையும் கழிவு எண்ணெயையும் பக்கத்து ஓடையில் ஊற்றுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை, மழைக்காலத்தில் அது எந்தக் கிணற்றுக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாததல்ல. சொன்னேன், சிரித்தார்.

செலவு: கிட் 1,150 ரூபாய், லாக் பிளேட்டும் போல்ட்டும் 45, ஆயில் சீல் 60, வெல்டிங் எடுத்த வேலையும் சேர்த்துக் கூலி 450. சாதாரணமாகச் செயின் செட் மாற்ற அந்தப் பக்கத்தில் வாங்குவதைவிடக் கூலி கொஞ்சம் கூடுதல்தான், இந்த வேலைக்குக் குறைவு. இப்போது ‘டக்’ சத்தம் இல்லை, தரையில் எண்ணெய் இல்லை. இந்தச் செயினில், கண்ணிகளுக்குள் கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் கிடையாது என்பதால் 90 நம்பர் கியர் ஆயிலை மாதம் ஒருமுறையும், நன்றாக நனைந்த மழைக்குப் பின்னும் விடச் சொல்லியிருக்கிறார். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இன்னும் அடிக்கடி வேண்டியிருக்கும்.

போகிறவர்கள் உதிரிபாகங்களை முன்கூட்டி வாங்கிக்கொண்டு போகாதீர்கள். திறந்து பார்த்த பிறகு அவர் எழுதித் தருவதை வாங்குவதே மேல். புது மாடல் பல்சர், டியூக் வகைகளை அவர் தொடுவதில்லை. ஞாயிறு விடுமுறை, சனிக்கிழமை மாலையில் கூட்டம் நெரிவதால் திங்கள் அல்லது செவ்வாய் காலையில் போனால் நின்று பேச அவருக்கு நேரம் இருக்கும். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்.